கீழ்ப்பிடிக்காரன் படித்த தத்துவம்

ஜூன் 4

மருமகள் புரொபசரம்மாவுக்கு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது.

நான் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் என் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாய். போகவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது பாதி தூரம் போவதற்குள் நீ கத்தரித்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இந்த வசதி எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

உன் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விருந்தில், அத்தனை பேர் நடுவில், நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? எங்கள் யானை நாள் முழுக்க என்னைக் கீழ்ப்பிடியிலேயே நிறுத்தினான், நானும் ஒரு வார்த்தை பேசாமல் சிரித்த முகத்தோடு சுமந்தேன் என்று சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "மாமா, இது நல்ல குணம் இல்ல, பயம். பயத்துக்கு நல்ல குணம்னு பேரு வச்சுக் கூப்பிட்டுட்டு இருக்கீங்க." கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது உன் அத்தை. அவளை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

நீ படித்தவள், படிக்கட்டில் பீரோ ஏற்றிப் பார்த்ததில்லை. ஆகவே விளக்குகிறேன். மாடிப்படியில் சாமான் ஏறும்போது மேல்பக்கம் பிடிப்பவன் வழி காட்டுகிறான், கீழ்ப்பக்கம் பிடிப்பவன் சுமக்கிறான். பாரம் எப்போதும் கீழேதான் இறங்கும். தண்ணீரும் அப்படி, திட்டும் அப்படி. யார் மேலே, யார் கீழே என்று சொல்லவேண்டியவர் எங்கள் மேஸ்திரி. அவருக்கு யானையைக் கண்டால் பயம், ஆகவே யானையே சொல்லிக்கொள்வான். யானை என்பது பட்டப்பெயர். ஒரு கையால் வாஷிங் மெஷினைத் தூக்கிவிடுவான், மேல்பிடியைத் தவிர வேறெதையும் தொடமாட்டான்.

கோபத்தில் நீ சோபாவிலேயே விட்டுப்போன உன் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அட்டையில் ஒரு மீசைக்காரர் படம். வாய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மீசை. நான் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் (பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்று உன் அம்மா சொல்வாள், அது பொறாமை). அப்படியும் அந்தப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். நடுவில் பதினோராம் பக்கத்தில் கொஞ்சம் ஓய்வு எடுத்தேன். இப்போதும் ஓய்வில்தான் இருக்கிறேன். ஆனால் அதற்குள் ஆளைப் பிடித்துவிட்டேன்.

அவர் சொல்வது இதுதானே? முதன்முதலில் 'நல்லவன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டவன் பலசாலி. தன்னைத்தானே அப்படிக் கூப்பிட்டுக்கொண்டான். பிறகு அவனிடம் அடி வாங்கியவன் ஓரமாய் உட்கார்ந்து யோசித்து, சொல்லைத் திருப்பிப் போட்டான்: அடித்தவன் கெட்டவன், வாங்கிய நான் நல்லவன். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று நம் ஆட்கள் மூன்று சொல்லில் முடித்ததை இவர் முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறார். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கினாரோ என்னவோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேஸ்திரிக்கு முழங்கால் போய்விட்டது. இந்த மாதத்தோடு நிற்கிறார். அடுத்த மேஸ்திரி யார் என்று முதலாளி சொல்லவேண்டும். பேச்சில் இருப்பது இரண்டே பேர், நானும் யானையும். எனக்குத்தான் என்பது ஊரறிந்த செய்தி. (ஊருக்குச் சொன்னது நான்தான்.)

ஆகவே பதில் எழுது. மீசைக்காரர் கணக்குப்படி யானைதான் நல்லவனா? அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் சுமந்ததெல்லாம் என்ன?

கோபம் குறையாத
உன் மாமா


ஜூன் 9

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை வெட்கமாக இருந்தது. எல்லார் முன்னாலும் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, கவனியுங்கள்.

புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள், அதில் காப்பித் தம்ளரை வைக்காதீர்கள். இந்த வருஷம் அதை நான் வகுப்பில் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பது பெரிய வார்த்தை. போன திங்கட்கிழமை கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "அப்போ பலசாலி அடிச்சா தப்பே இல்லையா மிஸ்?" என்றாள். நான் கரும்பலகையில் ஏதோ எழுதுவது போலத் திரும்பிக்கொண்டேன். மணி அடித்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது தத்துவம் இல்லை, மணி.

எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். பல் போன ஒருவர், வறுத்த கடலை தின்கிறவர்களைப் பார்த்து, "கடலை தின்பது அற்பர்கள் செய்கிற காரியம், நான் அதைத் துறந்துவிட்டேன்" என்கிறார் என்று வையுங்கள். மீசைக்காரருக்குக் கடலையைப் பற்றிக் கவலை இல்லை. அந்தத் துறவைத்தான் அவர் பிடித்து உலுக்குகிறார். முடியாததை எல்லாம் 'மாட்டேன்' என்று மாற்றிச் சொல்லிக்கொண்டு, அதற்கு ஒரு மாலையும் போட்டுக்கொள்கிறோமே, அந்த மாலையைக் கழற்றிப் பார் என்கிறார். உள்ளே அன்பு இருக்கிறதா, வயிற்றெரிச்சல் இருக்கிறதா என்று பார் என்கிறார்.

யானை நல்லவரா? தெரியவில்லை மாமா. அடுத்தவர் முதுகில் ஏறி நிற்பதுதான் பலம் என்று மீசைக்காரர் நேராகச் சொன்ன இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் சில பக்கங்களில் குரல் அப்படித்தான் கேட்கிறது. அங்கேதான் நான் தடுக்கி விழுகிறேன். அந்த அத்தியாயத்தை நான்கு முறை ஆரம்பித்து நான்கு முறையும் மூடிவைத்துவிட்டேன்.

உங்களிடம் ஒரு கேள்வி. கீழ்ப்பிடியை நீங்கள் ஏன் பிடிக்கிறீர்கள்? கதை வேண்டாம். ஒரே வரியில்.

அன்புடன்,
மருமகள்


ஜூன் 14

புரொபசரம்மாவுக்கு,

ஒரே வரியில் பதில் சொல்கிற பழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. இருந்தாலும் முயற்சி செய்தேன். அதற்கு முன்னால் ஒரு பரிசோதனையும் செய்தேன். தத்துவத்தைப் படித்தால் மட்டும் போதாது, ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும்.

வியாழக்கிழமை ஒரு டாக்டர் வீடு. மூன்றாம் மாடிக்கு இரட்டைக் கதவு பீரோ. யானை வழக்கம்போல் கையை நீட்டி, "மாமா, நீங்க கீழ" என்றான். நான் நெஞ்சை நிமிர்த்தி, "இன்னிக்கு நான் கீழ நிக்கமாட்டேன்!" என்றேன். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி ஆடியது. மாடியிலிருந்த புறாக்கள் பறந்துபோயின, இன்றுவரை திரும்பவில்லை. தெருவில் போன ஒரு கார் நின்று, பிறகு பின்னால் போனது.

யானை என்னை ஒரு பார்வை பார்த்தான். "சரி மாமா" என்றான். திரும்பி, "கண்ணாடி, நீ கீழ வா" என்றான்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கண்ணாடிக்காரரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். என்னைவிட மூத்தவர், இடுப்பில் பெல்ட் கட்டாமல் வேலைக்கு வரமாட்டார். அவர் "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போய் நின்றார். நான் மேலே. ஆகா மருமகளே, மேல்பிடி என்றால் என்ன சுகம் தெரியுமா! விரலை வைத்தால் போதும். பாட்டுப் பாடலாம், காற்று வாங்கலாம், ஊர் நியாயம் பேசலாம். யானை ஏன் இறங்க மறுக்கிறான் என்று ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

முதல் திருப்பத்தில் குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்காரரின் கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. தள்ளிவிடக் கை இல்லை, இரண்டு கையிலும் பீரோ. கண்ணாடி இதோ விழும், அதோ விழும் என்று இருக்கிறது. மனிதர் மூக்கைச் சுருக்கிச் சுருக்கி அதை நிறுத்திவைக்கிறார். நான் பாட்டை நிறுத்திவிட்டேன். திருப்பத்தில் இறக்கி வைத்ததும் கீழே போய் அவரைத் தோளால் ஒரு இடி இடித்து, "போய்யா மேல, உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்றேன்.

யானை சிரித்தான். "மாமாவுக்குக் கீழதான் ராசி" என்றான்.

ஆக, நான் பலசாலியாக இருந்தது அரை மாடி. மீசைக்காரர் என்னைப் பார்த்திருந்தால் மீசைக்குள்ளேயே சிரித்திருப்பார்.

உன் கேள்விக்கு வருகிறேன். வியாழக்கிழமை நான் கீழே போனது ஏன் என்று எனக்குத் தெரியும். நான் போகாவிட்டால் அந்த ஆள் நிற்கவேண்டும். அதற்கு முன்னால் இத்தனை வருஷம் ஏன் நின்றேன்? யானை முறைத்தான், நின்றேன்.

இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டாதே.

மாமா


ஜூன் 18

அன்புள்ள மாமா,

புறாக்களை விட்டுவிடுகிறேன். காரையும் விட்டுவிடுகிறேன். கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். என் அறையில் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே இடம் கொஞ்சம்தான். முட்டியில் இடித்துக்கொண்டேன்.

பீரோ ஒன்றுதான், படியும் ஒன்றுதான், பிடிக்கிற இடமும் ஒன்றுதான். இத்தனை வருஷம் அதே இடத்தில் நின்ற மாமா வேறு, வியாழக்கிழமை நின்ற மாமா வேறு. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரி 'பொறுமைசாலி'. மீசைக்காரர் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்கிறார். மறுக்க முடியாதவன் நிற்பது ஒன்று. மேல்பிடியை ருசி பார்த்துவிட்டு, வேண்டாம் என்று இறங்கி வருகிறவன் நிற்பது இன்னொன்று. இவ்வளவு நாள் நான் பாடப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த உதாரணம் டாக்டர் வீட்டுப் படிக்கட்டில் இருந்திருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். கண்ணாடிக்காரர் மேல் உங்களுக்கு வந்த இரக்கம் மீசைக்காரருக்குப் பிடிக்காது. இரக்கம் என்றாலே அவருக்குச் சந்தேகம். அந்த இடத்தில் நான் அவரோடு போகத் தயாராக இல்லை. ஆனால் 'போகமாட்டேன்' என்று வகுப்பில் சொல்ல எனக்கு இன்னும் தைரியமும் வரவில்லை. பெரிய ஆள் சொன்னதை மறுத்துச் சொல்ல நான் யார் என்று தோன்றுகிறது. என்னை அடக்கமானவள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டால் பல் போனவர் ஞாபகம் வருகிறது.

சரி, அடுத்தது. நேற்று அத்தையிடம் போனில் பேசினேன். மேஸ்திரி வேலை வேண்டும் என்று நீங்கள் முதலாளியிடம் இதுவரை வாய் திறந்து கேட்கவே இல்லையாமே? "தகுதி இருந்தா தானா தேடி வரும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாமே?

மாமா, அது தன்மானமா, கடலையா?

மருமகள்


ஜூன் 20

உனக்கு,

இதற்குமேல் நீ எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

நான் யாரிடமும் போய் எதையும் கேட்டவன் இல்லை. உன் அத்தையைப் பெண் கேட்டதுகூட உன் அம்மாதான். கேட்டு வாங்குகிற பதவி பதவியா? கூப்பிட்டுக் கொடுத்தால் மரியாதை. நீ இரண்டு புத்தகம் படித்துவிட்டு எனக்குக் கடலை வறுக்க வந்துவிட்டாய். குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது சரிதான். யானை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.

சரி, உனக்கு நடைமுறைக் கஷ்டம் தெரியாது, சொல்கிறேன். வேலை எனக்குக் கிடைத்தாகிவிட்டது என்று தெருவில் சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் இரண்டு நாள் டீக்குக் காசு வாங்கவில்லை. தையல்காரர் வாழ்த்துச் சொல்லிவிட்டார். உன் அத்தை அவரிடமே இரண்டு பாக்கெட் வைத்து ஒரு சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள், "மேஸ்திரின்னா ரெண்டு பாக்கெட் வேணும்" என்று. இந்த நிலைமையில் நான் போய் முதலாளியிடம், "ஐயா, வேலை குடுங்க" என்று நிற்பது எப்படி? கிடைத்துவிட்டதை எவனாவது கேட்பானா?

அடுத்த வியாழக்கிழமை சங்கீதப் பள்ளிக்கு ஒரு பியானோ ஏற்றவேண்டும். நான்காம் மாடி. படி குறுகல், திருப்பத்துக்குத் திருப்பம் சுவர். விலை உயர்ந்த சாமான் என்பதால் முதலாளியே நேரில் வருகிறார். யார் மேஸ்திரி என்று அன்றைக்கே சொல்லிவிடுவார் என்று பேச்சு.

பியானோ எவ்வளவு கனம் இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஆனால் தூக்கம் வரவில்லை.

மாமா


ஜூன் 22

மாமா,

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

தெருவில் சொன்னது பொய் இல்லை, கொஞ்சம் முன்கூட்டியே சொல்லப்பட்ட உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உண்மையாக்க ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது. "முதலாளி, மேஸ்திரி வேலை எனக்கு வேணும்." இவ்வளவுதான். புறா வேண்டாம், கார் வேண்டாம், மீசைக்காரர் வேண்டவே வேண்டாம். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். உங்களுக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

மறுத்துவிட்டால்? மறுத்துவிடட்டும். கேட்காமலேயே கிடைக்காமல் போனால், 'எனக்கு ஆசையே இல்லை' என்று மிச்சக் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

சட்டை என்ன நிறம்?

மருமகள்


ஜூன் 28

மருமகளே! என் தங்கமே! புரொபசரம்மாக்களுக்கெல்லாம் புரொபசரம்மாவே!

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் மயக்கம் வந்துவிடும்.

சட்டை நீலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ கேட்டதால்.

வியாழக்கிழமை காலை. சங்கீதப் பள்ளி வாசலில் லாரி. லாரிக்குள் பியானோ, கம்பளி போர்த்தி, கயிறு கட்டி, கட்டிப்போட்ட காண்டாமிருகம் மாதிரி நிற்கிறது. சங்கீத டீச்சரம்மா கையைப் பிசைந்துகொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். முதலாளி குடையோடு நிற்கிறார், மழை இல்லாமலே. மழை வராது என்று நான் முந்தின நாளே சொல்லியிருந்தேன், அது வேறு.

யானை கையை நீட்டினான். "மாமா, கண்ணாடி, ரெண்டு பேரும் கீழ. நான் மேல."

"முதலாளி, ஒரு நிமிஷம்" என்றேன்.

"என்னய்யா, கயிறு பத்தலையா?"

"கயிறு இருக்கு. மேஸ்திரி வேலை எனக்கு வேணும்."

சொல்லிவிட்டேன்! நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது, நான் வெளியே இழுத்துப் போடுகிறேன். அதற்குப் பின்னால் ஒரு அருமையான பிரசங்கம் தயாராக வைத்திருந்தேன், கேட்டவன் கண்ணில் தண்ணீர் வரும். நீ சொன்னதற்காக அப்படியே விழுங்கினேன். என் வாழ்நாளில் நான் தூக்கியதிலேயே பெரிய பாரம் அதுதான், பியானோ அதற்கப்புறம்தான்.

முதலாளி குடையை மடக்கினார். "உனக்கா? உனக்குக் குடுத்தாச்சுன்னு எங்க வீட்டுக்காரி சொன்னாளே! கடைத்தெருவுல கேட்டாளாம். நான் எப்பக் குடுத்தேன்னு நாலு நாளா நானே யோசிச்சிட்டிருக்கேன்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லாரி டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார், ஹாரன் அடித்தது. யானை சொன்னான், "இவரா மேஸ்திரி? இவரு மேஸ்திரியானா பியானோ மேல போகாது முதலாளி, கதைதான் மேல போகும்."

என் காது சுட்டது. ஆனால் மருமகளே, நான் அசையவில்லை. ஆசைப்பட்டது வெளியே வந்துவிட்டது, இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவனைச் சிரித்து என்ன செய்ய முடியும்? நானும் சிரித்தேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, இதை நீ ஏத்து. பார்க்கலாம்."

நான் திரும்பினேன். "யானை, நீ கீழ."

"நானா? இங்க இருக்கறதுலயே பலசாலி நான்."

"அதனாலதான். மேல நின்னு விரல் நுனியில புடிக்கறதுக்கு எதுக்குடா பலம்? அதுக்கு வழி பார்க்கற கண்ணு போதும். கண்ணாடி மேல போகட்டும். உன் பக்கத்துல கீழ நான் நிக்கறேன்."

"முடியாது."

"முடியாதா, தெரியாதா? இத்தனை வருஷத்துல நீ கீழ நின்னு நான் பார்த்ததே இல்லையே. தெரியலன்னா சொல்லு, கத்துத் தரேன். வெட்கப்படாத."

அவன் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. முதலாளியை, என்னை, பியானோவைக் கண்டுபிடித்தவனை, எல்லாரையும் ஒரே மூச்சில் திட்டினான். டீச்சரம்மா காதைப் பொத்திக்கொண்டார். அவன் லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். முதலாளிக்குக் கோபம். "ஆளை மாத்துய்யா, நேரமாகுது" என்றார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தேன். (நிதானமாக என்பது வெளியே. உள்ளே ஆயிரம் பீரோ உருண்டது.)

"அந்தப் பெரிய உடம்புக்காரர் வரலைன்னா இது ஏறாதே?" என்றார் டீச்சரம்மா.

"வருவான்மா. பலம் இருக்கறவனால ரொம்ப நேரம் சும்மா உக்கார முடியாது."

இதை மீசைக்காரர் சொன்னாரா, நான் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் வந்தான்! சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்து, யாரையும் பார்க்காமல் கேட்டான், "எங்க புடிக்கணும்?"

ஏற்றினோம். கண்ணாடிக்காரர் மேலே நின்று, "இடது... இன்னும் இடது... சுவரு, சுவரு... வை" என்று வழி சொல்கிறார். அந்த மனிதருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. மூன்றாம் மாடித் திருப்பத்தில், தூக்குவதற்காகப் பியானோவைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டை வழுக்கியது. பியானோ மொத்தமும் எங்கள் இருவர் மேலும் சாய்ந்தது. உள்ளே இருக்கும் கம்பிகள் எல்லாம் ஒன்றாக முனகின. அந்தப் பாரத்தை நான் எப்படிச் சொல்வேன்? அந்தக் கட்டடத்தை மட்டுமல்ல, அந்தத் தெருவையும் பக்கத்துத் தெருவையும் சேர்த்துத் தோளில் வைத்த மாதிரி.

"மாமா, விட்டுறாதீங்க!" என்றான் யானை. அவன் குரல் நடுங்கியதை அன்றுதான் கேட்டேன்.

"நீ விடாத. நான் விடமாட்டேன்."

விடவில்லை. அவனும் விடவில்லை. மற்ற ஆட்கள் பட்டையை இழுத்துக் கட்டினார்கள். மேலே போனோம். ஜன்னல் பக்கத்தில் இறக்கி வைத்தோம். ஒரு கீறல் இல்லை. டீச்சரம்மா மூடியைத் திறந்தார். யானை தன் வாழைத்தண்டு விரலால் ஒரே ஒரு கட்டையைத் தொட்டான். 'ங்ங்' என்றது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பல் எல்லாம் தெரிந்தது. அத்தனை பல்லையும் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

முதலாளி வந்து என் முதுகில் தட்டி, "மேஸ்திரி" என்றார். அப்புறம் ஏதேதோ பேசினார். டீ வந்தது, குடித்தோம். டீச்சரம்மா வாசித்தார். எனக்குச் சங்கீதம் தெரியும் என்பதால் தலையாட்டினேன்.

உன் மாமா மேஸ்திரி ஆகிவிட்டான்! இப்போதுதான் தெருவில் நான் சொன்னது நிஜமாயிற்று. ஆனால் இப்போது போய்ச் சொன்னால், "அது பழசாச்சே" என்கிறார்கள். இந்த அநியாயத்தை யாரிடம் சொல்ல?

வெற்றி மாலையோடு,
மேஸ்திரி மாமா


ஜூலை 3

அன்புள்ள மேஸ்திரி மாமாவுக்கு,

ஆசிரியர் அறையில் உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். சரித்திர ஆசிரியர் மேஜையைத் தட்டினார். பியானோ திருப்பத்தில் வழுக்கிய இடத்தில் நூலகர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஆனால் மாமா, ஒரு விஷயம். நேற்று அத்தை போன் செய்தாள். அவளுக்குக் கண்ணாடிக்காரரின் வீட்டம்மா சொன்னார்களாம். டீக்கு முன்னால் முதலாளி 'ஏதேதோ பேசினார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் பேசியது என்ன என்று அத்தை சொன்னாள். "எல்லார் முன்னாலயும் என்னைத் திட்டினவன் எனக்கு வேண்டாம். யானையை இன்னிக்கே நிறுத்திடலாம். நீதான் மேஸ்திரி, நீயே சொல்லு, உன் முதல் வேலை அதுதான்" என்றாராம். யானை அங்கேயே, சுவர்ப் பக்கமாக நின்றாராம். நீங்கள் கொஞ்சம்கூட யோசிக்காமல், "அவன் இல்லாம நாளைக்கு யாரு கீழ நிப்பா? இருக்கட்டும் முதலாளி" என்று சொல்லிவிட்டு, "டீ என்ன ஆச்சு?" என்று கேட்டீர்களாம்.

புறாவை எழுதினீர்கள், சட்டையின் நிறத்தை எழுதினீர்கள். இதை ஏன் எழுதவில்லை?

கேட்டுவிட்டு நானே உட்கார்ந்து யோசித்தேன். நான்கு முறை மூடிவைத்த அத்தியாயத்தைத் திறந்தேன். பலம் உள்ளவன் பகையை மன்னிப்பதில்லை, மன்னிக்கிற அளவுக்கு அது அவனிடம் தங்குவதே இல்லை என்கிற மாதிரி ஒரு கருத்து அங்கே வருகிறது. இவ்வளவு நாள் அதைப் படித்தபோதெல்லாம், இது ஏதோ கல் நெஞ்சுக்காரனைப் பற்றிய பேச்சு என்று நினைத்தேன். டீயைக் கேட்கிற ஒருவரைப் பற்றியது என்று தெரியாமல் போயிற்று.

இன்று வகுப்பில் கடைசி வரிசைப் பெண்ணை எழுப்பினேன். "பலசாலி அடித்தால் தப்பே இல்லையா என்று கேட்டாயே, பதில் சொல்கிறேன்" என்று ஆரம்பித்து, பீரோ, பியானோ, டீ மூன்றையும் சொன்னேன். பிறகு, கண்ணாடி வழுக்கிய ஒருவருக்காக இறங்கி வந்ததை மீசைக்காரர் பலவீனம் என்பார், அங்கே அவர் தவறு, நான் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றும் சொன்னேன். அவ்வளவு பெரிய ஆளைப் பார்த்து, குரல் நடுங்காமல்! வகுப்பு பாதியாகப் பிரிந்து சண்டை போட்டது. மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

உண்மையைச் சொல்லுங்கள். யானை மேல் உங்களுக்குக் கொஞ்சம்கூடக் கோபம் இல்லையா?

அன்புடன்,
அடக்கம் குறைந்துவிட்ட மருமகள்


ஜூலை 7

மருமகளே,

யானையை நிறுத்தச் சொன்னதை ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாய். நிஜமாகவே மறந்துவிட்டேன். அன்றைக்கு எழுத எவ்வளவு இருந்தது! டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. இது இவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்திருந்தால் நான்கு பக்கம் எழுதியிருப்பேன், முதலாளியை அழவைத்து, யானையை என் காலில் விழவைத்து. இப்போது காலம் கடந்துவிட்டது. நல்ல கதை ஒன்று வீணாய்ப் போயிற்று.

கோபம் இருக்கிறதா என்றால், தேடிப் பார்த்தேன். இருந்த இடத்தில் இல்லை. எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அகப்பட்டால் எழுதுகிறேன்.

மீசைக்காரர் என்னைப் புகழ்ந்திருக்கிறார் என்று நீ எழுதியதைக் குடோனில் சத்தமாகப் படித்தேன். இப்போது அவர்கள் என்னை விடுவதாக இல்லை. கண்ணாடிக்காரர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார், என்னைத் தாண்டி இருபதாம் பக்கத்துக்குப் போய்விட்டாராம். இரக்கத்தைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது, நீ மறுத்தது சரிதானா என்று நேரில் கேட்கவேண்டுமாம். யானைக்கு ஒரே கேள்வி, "அதுல என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு?" நான் பதினோரு பக்கத்தையும் வைத்து இரண்டு மணி நேரம் விளக்கினேன். பன்னிரண்டாவது பக்கத்திலிருந்து என் சொந்தச் சரக்கு. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே வரும் சனிக்கிழமை நீ இங்கே வந்து பேசவேண்டும். குடோனைப் பெருக்கிவிட்டோம். யாரோ ஒரு வீட்டுக்காரர் மாத முடிவுவரை விட்டுவைத்திருக்கும் சோபாக்களை வரிசையாகப் போட்டிருக்கிறோம், கம்பளி கழற்றாமல். முன்வரிசை முதலாளிக்கும் அவர் வீட்டம்மாவுக்கும். உன் அத்தை கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உலகமே வியக்கும் பேராசிரியை வருகிறாள் என்று நானும் கொஞ்சம் சொன்னேன். ரயிலடிக்கு லாரி வரும். யானைக்கு லாரி ஓட்டத் தெரியாது, என்றாலும் வண்டியில் வருவான், உன் பெட்டியைத் தூக்க.

நீ வந்து பேசு, மறுக்கவேண்டிய இடத்தில் மறு, சண்டை போடு, எல்லாரும் கேட்கட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் சொன்னதெல்லாம் சரி என்று ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடு.

தப்பு என்றால் மட்டும், லாரிக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்.

உன் மாமா